சுவரில் தொங்கிய எறும்பும் சுவருக்கு வராத யானையும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு காப்பியத்தையோ ஒரு புலவரையோ எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் தோட்டப் பள்ளிகளின் பலகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த விலங்குப் படங்கள். எறும்பு, தேனீ, நாய், காளை, தாய்க்கோழி என்று படத்துக்கு ஒரு பிராணி, பிராணிக்கு ஒரு நற்குணம். இந்த அவையில் தலை நரைத்தவர்கள் பலர் அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு எந்த விலங்கைக் காட்டி எந்தக் குணத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அந்தச் சமுதாயத்திடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் படங்களை ஒரு முழு உரைக்குரிய பொருளாக நினைக்கிறேன்.

முதலில் ஒரு படத்தைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் படித்த பள்ளி ஒரே நீளக் கொட்டகை, தகரக் கூரை, மூன்று வகுப்புகளுக்கு நடுவே தடுப்புக்கூடக் கிடையாது. கரும்பலகைக்கு வலப்பக்கம் எறும்புப் படம். கெட்டித் தாள், பின்னால் துணி ஒட்டியது, மேலும் கீழும் உருளைக் கட்டை. மேலே பூசிய வார்னிஷ் பழுத்து, படம் முழுவதும் தேன் நிறமாகிவிட்டது. மேல்பாதியில் புற்றைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருப்பார்கள். அறை அறையாகத் தானியம். கீழ்ப்பாதியில் எறும்புகள் சாரை சாரையாக வரும், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கோதுமை மணி. எங்களில் ஒருவரும் கோதுமை வயலைக் கண்டதில்லை. படத்தின் அடியில் ஏதோ ஆங்கில வாசகம் இருந்திருக்க வேண்டும். அதை மறைத்து வெள்ளைத் தாள் ஒட்டி, ‘சுறுசுறுப்பு’ என்று வாத்தியார் தம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அடுத்த படம் நுகத்தடியில் பூட்டிய காளை; அதற்குப் ‘பொறுமை’. வாசற்படியில் படுத்து வீட்டைக் காக்கும் நாய்க்கு ‘நன்றி’. ரோத்தான் பிரம்பின் முனையால் எறும்பைத் தொட்டு, “இது சும்மா உட்கார்ந்திருக்குமா?” என்று வாத்தியார் கேட்பார். “உட்காராது சார்” என்று கொட்டகையே அதிரும்.

அந்த நேரத்தில் எங்கள் தாய்மார்கள் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, ரப்பர் மர நிரைக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடித்து, ரப்பர்ப் பால் வாளியைக் காண்டாக்கட்டையில் சுமந்து ஸ்டோருக்கு நடந்துகொண்டிருப்பார்கள். சுறுசுறுப்புக்கு அந்தப் பிள்ளைகளுக்கு எறும்பு தேவைப்பட்டிருக்காது.

வாத்தியாரை நான் குறை சொல்லவில்லை. தோட்ட ஆசிரியர்கள் கையில் கிடைத்ததை வைத்து எங்களுக்கு எழுத்தறிவித்தவர்கள். தாளை வெட்டி ஒட்டித் தமிழ் எழுதிய அந்தக் கைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். என் கேள்வி படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களிடம்.

இந்த வகைப் படங்களின் வேர்களை இங்கிலாந்தில் காணலாம். 1751-இல் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் ‘கொடுமையின் நான்கு நிலைகள்’ என்று நான்கு படங்களை அச்சிட்டு விற்றார். முதல் படத்தில் லண்டன் தெருப் பையன்கள் நாயையும் பறவைகளையும் வதைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவன் மட்டும் தன் கையிலிருக்கும் தின்பண்டத்தை நீட்டி, “இதை வாங்கிக்கொள், நாயை விட்டுவிடு” என்று கெஞ்சுகிறான். யாரும் கேட்கவில்லை. நாயை வதைத்தவன் அடுத்த படத்தில் குதிரையை அடிக்கிறான், மூன்றாவதில் கொலை செய்கிறான், நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். ஏழைகளிடமும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இவற்றை மலிவான மரக்கட்டை அச்சில் கொண்டுவர ஹோகார்த் முயன்றார். இரண்டு படங்களோடு அந்த முயற்சி நின்றுவிட்டது. விலங்குப் படத்தைக் காட்டி அறம் சொல்லும் அச்சு மரபில் விலங்குக்கு இரங்கச் சொல்லும் இந்தப் படங்களுக்குத் தனி இடம் உண்டு.

கூடவே இன்னொரு போக்கும் வளர்ந்தது. விலங்குக்கு இரங்கு என்பதோடு, விலங்கைப் போல் இரு என்றும் சொன்னார்கள். 1715-லேயே ஐசக் வாட்ஸ் குழந்தைகளுக்கென்று எழுதிய பாடல்களில் தேனீ சோம்பலுக்கு எதிரான சாட்சியாக வந்துவிட்டது. 1820-களில் சாமுவேல் வில்டர்ஸ்பின் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், நெசவுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மிகுந்த பகுதியில் மழலையர் பள்ளி நடத்தினார். வகுப்பில் கம்பம் கம்பமாக நட்டு, அவற்றில் விவிலியப் படங்களையும் விலங்குப் படங்களையும் மாட்டிப் பாடம் சொன்னவர் அவர். பிறகு வண்ணக் கல்லச்சு வந்தது. எடின்பரோவின் ஜான்ஸ்டன் நிறுவனம் போன்றவை இயற்கை வரலாற்றுச் சுவர்ப்படங்களை வரிசை வரிசையாக வெளியிட்டன. உழைக்கும் மக்களின் பிள்ளைகளை உழைப்புக்குப் பழக்க எறும்பும் தேனீயும் தோதான பிராணிகள். கூலி கேட்காது, சங்கம் வைக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரத்துக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்குப் பின்னால் பிள்ளைகள். தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பள்ளி வேண்டும் என்று மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1923-இல் அது விரிவடைந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும். சட்டம் வந்தவுடன் கொட்டகை வந்தது, பலகை வந்தது. புத்தகம் பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தொழிலாளியை எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை.

அவன் கேட்டபோது என்ன கேட்டான் என்பது பதிவில் இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு உண்டு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பதும் உண்டு. இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள்: துரையையோ மேலாட்களையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பொறுமைக்குக் காளையைப் பார்த்து வளர்ந்தவன், மானத்துக்கு எந்தப் படத்தையும் பார்க்காமலே அந்தக் கோரிக்கையை வைத்தான்.

மானத்துக்குத் தமிழில் விலங்கு இல்லாமலா போயிற்று? திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்திலேயே கவரிமா நிற்கிறது. சற்று நின்று குறளின் விலங்குகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். காலமறிதல் அதிகாரத்தில் மட்டும் பத்துக் குறளுக்குள் மூன்று காட்சிகள். இரவில் வலிய கூகையைக் காக்கை பகலில் வெல்கிறது. மோதப் போகும் ஆட்டுக்கடா பின்வாங்குகிறது, பாய்வதற்காக. கொக்கு அசையாமல் நிற்கிறது, மீன் வரும் நொடிக்காக. அடுத்த அதிகாரம் இடனறிதல். அதில் முதலை வருகிறது, ஆழ்நீரில் எல்லாரையும் வெல்லும், நீரை விட்டு வெளியே வந்தால் தோற்கும். அங்கேயே சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடுகிறது. சுற்றந்தழாலில் காக்கை, இரை கிடைத்தால் மறைக்காது, கரைந்து கூட்டத்தைக் கூப்பிட்டு உண்ணும். ஊக்கமுடைமையில் யானை, உடம்பெல்லாம் அம்பு தைத்தும் நிலை தளராமல் நிற்கும்.

இவற்றில் எந்த விலங்காவது ‘சொன்ன வேலையைச் செய்’ என்று சொல்கிறதா? நான் இங்கே குறிப்பிட்ட குறள்கள் எல்லாம் பொருட்பாலில் வருபவை. அதிலும் காலமறிதல், இடனறிதல், சுற்றந்தழால், ஊக்கமுடைமை நான்கும் அரசியல் பகுதி. ஆளுகிறவனுக்குச் சொன்ன அறிவுரைகள். எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது, எந்த இடத்தில் நின்றால் வலிமை, யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதையெல்லாம் காக்கையும் கடாவும் கொக்கும் அங்கே கற்பிக்கின்றன.

பஞ்சதந்திரமும் அப்படித்தான். மூன்று அரசகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக் கொடுக்க விஷ்ணுசர்மன் சொன்னதாக அமைந்த கதைகள் அவை. தாண்டவராய முதலியார் அதை மராத்தியிலிருந்து உரைநடைத் தமிழில் தந்தது 1826-இல். வெளிவந்த இடத்தைக் கவனியுங்கள்: சென்னைக் கோட்டைக் கல்லூரி, அதாவது ஆட்சி நடத்த வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் தமிழ் படித்த இடம். ஆளப்போகும் துரைமகன் நம் தமிழிலேயே நரியின் சூழ்ச்சியையும் காக்கையின் ராஜதந்திரத்தையும் படித்தான். நூறு ஆண்டு கழித்து, அதே தமிழ் பேசிய கூலியின் மகனுக்கு எறும்பு கிடைத்தது. நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

நாய் விஷயத்தில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாயின் நன்றியைத் தமிழும் புகழ்ந்திருக்கிறது. வேல் பாய்ந்த உடம்போடும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும் நாயை நாலடியார் காட்டுகிறது. ஆனால் எப்படிப்பட்ட நண்பரைத் தேட வேண்டும் என்ற இடத்தில் காட்டுகிறது. நண்பனுக்குச் சொன்ன இலக்கணத்தை வேலைக்காரனுக்குச் சொன்னால் அதன் பொருள் திரிந்துவிடும். பாரதியின் பாப்பா பாட்டிலும் நாயும் குதிரையும் மாடும் ஆடும் வருகின்றன. அங்கே அவை குழந்தையின் தோழர்கள், குழந்தை ஆதரிக்க வேண்டியவர்கள். ஹோகார்த்தின் படத்தில் தின்பண்டத்தை நீட்டிய அந்தச் சிறுவன் பாரதியின் பாப்பாவோடு விளையாடத் தகுந்தவன்.

படம் காட்டி அறம் சொல்வதை வெள்ளைக்காரரிடம்தான் நாம் கற்றோம் என்றும் எண்ண வேண்டாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் வீடுகளில் விரித்த பரமபத சோபான படம் என்ன? ஏணி புண்ணியம், பாம்பு பாவம். தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தினால் மேலே பரமபதம். பாம்பு கொத்திக் கீழே வந்தவனும் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. அடுத்த தாயத்துக்குக் காத்திருப்பான். ஒரு தாளை நடுவில் போட்டுப் பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்து கற்ற அறம் அது. அங்கே ரோத்தான் இல்லை.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்த பகுதி. இந்த மண்ணின் விலங்குகளே சுவருக்கு வரவில்லை. பாட நூலில் நரி இருந்தது. தீபகற்ப மலேசியக் காட்டில் நரியைத் தேடினாலும் கிடைக்காது. மலாய்க் கதைகளில் நரியின் இடத்தில் சாங் கஞ்சில் என்ற சருகுமான் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத பிராணி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவதாகச் சொல்லி, அவற்றின் முதுகின்மேல் ஆற்றைத் தாண்டும். மலாக்கா உருவான கதையில் பரமேஸ்வராவின் வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியதும் ஒரு சருகுமான்தான்.

காகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. இன்று நம் கடைத்தெருக்களில் கரையும் வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவை அன்று. 1890-களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுத்தொல்லை மிகுந்தபோது, புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி விலை சரிந்தது, காப்பிச் செடி போயிற்று, ரப்பர் வந்தது. காகம் போகவில்லை. தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வரவழைத்து, வேலை முடிந்ததும் வேண்டாத பிராணி என்று பட்டியலில் சேர்த்து, இன்று நகராட்சிகள் துப்பாக்கி வைத்துச் சுடுகின்றன. அமாவாசைக்கு முதல் பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டு உண்ணும் நம் பெண்களுக்கு இந்த வரலாறு தெரிந்தால் அந்தச் சோற்றை இன்னும் ஆசையாக வைப்பார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் காகத்தையும் புரிந்துகொள்வார்கள், தங்கள் கொள்ளுத் தாத்தாவையும் புரிந்துகொள்வார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டு அடுப்பிலிருந்தும் அங்கே சோறு போகும். சுற்றந்தழால் அதிகாரத்துக் காக்கைக்கு இதைவிட வேறு உரை எதற்கு?

யானைக்கு வருகிறேன். அன்று தெலுக் ஆன்சன் என்று வழங்கிய தெலுக் இந்தானுக்கு ரயில் பாதை போட்டது 1890-களின் தொடக்கத்தில். 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், அந்தப் பாதையில் ஓடிய ரயிலை ஒரு காட்டு யானை எதிர்த்து வந்து முட்டியது. ரயில் தடம் புரண்டது, யானை இறந்தது. புதைத்த இடத்தில் அதற்கொரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். தன் கூட்டத்தைக் காக்க ரயிலைத் தாக்கிய யானை இங்கே புதைந்திருக்கிறது என்பது அதில் உள்ள செய்தி. வழிவிடாத விலங்கு என்று எழுதாமல், கூட்டத்தைக் காத்த விலங்கு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். அம்பு தைத்தும் கால் ஊன்றி நின்ற களிற்றை வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நம் பேரா மாநிலத்தில் இரும்பே எதிரே வந்தும் ஒரு களிறு ஒதுங்கவில்லை. தெலுக் இந்தான் வட்டாரத்தில் அத்தனை தோட்டப் பள்ளிகள் நடந்தன. அவற்றின் சுவரில் இந்த யானை ஏன் ஏறவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

குறளில் வந்த கூகையும் நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எலி பெருகியது; எலியைத் தேடிக் கூகை வந்தது. 1980-களிலிருந்து தோட்டங்களே கம்பத்தின்மேல் பெட்டி வைத்து அதை வளர்க்கின்றன. வீட்டுக்கூரையில் உட்கார்ந்தால் கெட்ட சகுனம் என்று நாம் விரட்டிய பறவைக்கு இன்று தோட்டத்தில் தனி வீடு.

மனிதருக்கு அந்தச் செம்பனைக் காலம் அப்படி அமையவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, லயங்கள் காலியாயின, பள்ளிகள் சில மூடப்பட்டன, சில பட்டணத்துக்கு இடம் மாறின. இன்றும் நாட்டிலேயே அதிகமாக, 134 தமிழ்ப்பள்ளிகள் பேராவில் இருக்கின்றன. இடம் மாறும்போது மேசை நாற்காலியைக் கணக்கெடுத்து ஏற்றினார்கள். உருளைக் கட்டையில் சுருட்டிய படங்களைக் கணக்கெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவை பழைய கொட்டகையிலேயே கரையானுக்குப் போயின.

இரண்டு வேலைகள் உடனே செய்ய வேண்டும் என்று இந்த அவையை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று, பேரா விலங்குகளைக் கொண்டு ஒரு புதிய சுவர்ப்பட வரிசை. யானை, காகம், சருகுமான், கூகை, கொக்கு, ஆட்டுக்கடா என்று தொடங்கலாம். படத்தை நம் ஓவியர்கள் வரையட்டும். அடியில் குணத்தின் பெயரை நாம் அச்சிட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் ஒட்டும் அளவுக்கு இடம் விட்டு வைப்போம். என்ன எழுதுவது என்று வகுப்பில் பிள்ளைகள் பேசி முடிவு செய்யட்டும். ஒரு பள்ளியில் ‘வீரம்’ என்றும் இன்னொரு பள்ளியில் ‘பாசம்’ என்றும் யானைக்கு எழுதினால் இரண்டும் சரியே.

மற்றொன்று, மிச்சமிருக்கும் பழைய படங்களைச் சேர்ப்பது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வீட்டுப் பரணில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பழைய பள்ளிப் பீரோவின் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். எறும்பையும் காளையையும் கூட எனக்கு வேண்டும். அவையும் நம் வரலாறு. கண்டெடுத்தால் விரிக்கும்போது மெதுவாக விரியுங்கள், வார்னிஷ் உதிரும். ஓரத்தைக் கத்தரித்துவிடாதீர்கள், அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டவும் வேண்டாம். அடியில் யாரோ ஒரு வாத்தியார் ஒட்டிய தாள் இருந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி, யார் மாட்டியது என்று தெரிந்தவரை ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வையுங்கள். அறக்கட்டளைக் குழுவினர் படமெடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மேசையில் அதற்கான பதிவேடு இருக்கிறது.